பிறந்த மண்ணும் குடியுரிமையும்

'குடி' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் பொருள்கள் பல. அவற்றுள் இரண்டு இன்றைய பேச்சுக்கு வேண்டியவை. நற்குடிப் பிறப்பு என்னும்போது அச்சொல் குலத்தைக் குறிக்கிறது. குடியிருத்தல், குடியேறுதல் என்னும்போது வாழும் இடத்தைக் குறிக்கிறது. முன்பு நாம் பெரிதும் வழங்கிவந்த 'பிரஜை' என்ற வடசொல்லும் இத்தகையதே. பெற்ற மகவு என்பது அதன் ஒரு பொருள். ஆட்சிக்கு உட்பட்டு வாழ்பவன் என்பது மற்றொரு பொருள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொற்கள் அவ்வப்போது வியப்பளிப்பதுண்டு. ஒருவன் ஒரு நாட்டுக்கு உரியவனாவது யாருக்குப் பிறந்தான் என்பதாலா, எங்கே பிறந்தான் என்பதாலா? உலகத்துச் சட்ட அறிஞர்கள் விடை தேடி அலையும் இந்த வினா நம் சொற்களுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினா அண்மையில் பெரும் வழக்காகவே மூண்டது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், குடியரசுத் தலைவராக இரண்டாம் முறை பதவியேற்ற டொனால்டு டிரம்ப் அன்றே ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தை, பிறந்த காரணத்தாலேயே அந்நாட்டுக் குடியுரிமை பெறும் என்ற நெடுநாளைய முறையை அவ்வாணை குறுக்க முற்பட்டது. அதில் இரண்டு பிரிவுகள் இருந்தன. தந்தை அந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இல்லாது, தாயும் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியிருப்பவராயின் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்பது முதற்பிரிவு. தந்தையின் நிலை அதுவேயாகி, தாய் சட்டப்படியே, ஆனால் தற்காலிக அனுமதியில் தங்கியிருப்பவராயினும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்பது இரண்டாம் பிரிவு.

இந்த இரண்டாம் பிரிவுதான் நம்மவர் வீடுகளின் கதவைத் தட்டியது. தில்லி கரோல்பாக்கிலும், மும்பை மாதுங்காவிலும், கொல்கத்தாவிலும், பெங்களூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மகனோ மகளோ அமெரிக்காவில் பணிபுரியும் வீடுகள் பல. அவர்களிற் பெரும்பாலோர் கள்ளத்தனமாகப் புகுந்தவர்கள் அல்லர். முறைப்படி விண்ணப்பித்து, முறைப்படி விசா பெற்று, வரி செலுத்தி வாழ்பவர்கள். அவர்களுடைய குழந்தையும் இப்பட்டியலில் இடம்பெற்றதேன் என்பதை ஆராய்ந்தால், பிறப்பால் வரும் குடியுரிமையைப் பற்றிய சர்ச்சையும், சட்டப்படி ஒரு நாட்டில் குடியேறுவதில் உள்ள இடர்ப்பாடுகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது விளங்கும்.

முதலில் இவ்வுரிமையின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1857ஆம் ஆண்டில், டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில், ஆப்பிரிக்க வமிசத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மண்ணிலே பிறந்து, அந்த மண்ணிலே உழைத்து, அந்த மண்ணிலே மடிந்த இலட்சக்கணக்கானோர் அந்நாட்டவர் அல்லர் என்பது அத்தீர்ப்பின் பொருள். பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டு 1865இல் முடிவுற்றது. அடிமை முறையும் ஒழிந்தது. அத்தீர்ப்பு இனி ஒருபோதும் தலையெடுக்கலாகாது என்று கருதியே, 1868இல் அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். அமெரிக்காவில் பிறந்து, அதன் ஆளுகைக்கு உட்பட்டவர் அனைவரும் அதன் குடிமக்கள் என்று அது கூறுகிறது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் இத்திருத்தத்துக்குப் பெரியதொரு சோதனை வந்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்திருந்த காலம் அது. சான் பிரான்சிஸ்கோ நகரில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற இளைஞர், சமையல் தொழில் செய்துவந்தவர், சீனாவுக்குச் சென்று 1895இல் திரும்பினார். 'நீ அமெரிக்கன் அல்லன்' என்று கூறி அதிகாரிகள் அவரைக் கரையிறங்க விடவில்லை. கப்பலில் காவலில் இருந்தபடியே அவர் வழக்காடினார். 1898இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பெற்றோர் குடிமக்களாக ஒருபோதும் ஆக முடியாதவர்களாயினும், அங்கே பிறந்த மகன் குடிமகனே என்று நீதிபதிகளுள் அறுவர் கூறினர், இருவர் மறுத்தனர். அயல்நாட்டுத் தூதர்களின் குழந்தைகள், படையெடுத்து வந்து நிலத்தைக் கைப்பற்றிய பகைவரின் குழந்தைகள் போன்ற சிலரே விதிவிலக்கு என்று அத்தீர்ப்பு வகுத்தது. பழங்குடியினரின் நிலை வேறாக இருந்தது. அம்மண்ணின் ஆதிக்குடிகளான அவர்கள் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 1924இல்தான் வந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

வாதப் பிரதிவாதம் முழுவதும் 'ஆளுகைக்கு உட்பட்டு' என்ற ஒரு சிறு தொடரைச் சுற்றியே சுழல்கிறது. இதனை மொழிபெயர்ப்பது எளிது. பொருள் கொள்வதே அரிது. எதிர்ப்பாளர் கூறுவது இது: ஆளுகைக்கு உட்படுதல் என்றால், சாலை விதிக்கும் குற்றவியல் சட்டத்துக்கும் கட்டுப்படுவது மட்டுமன்று, அந்நாட்டுக்கே உரியவனாக, வேறு நாட்டுக்குக் கடப்பாடு இல்லாதவனாக இருத்தல் வேண்டும். சில மாதமோ சில ஆண்டோ தங்க வந்தவர் அத்தகையவர் அல்லர். மேலும், குடியுரிமை என்பது ஓர் அரசியல் சமூகம் மனமுவந்து அளிக்கும் உறுப்புரிமை. அச்சமூகத்தின் இசைவின்றி உள்ளே வந்தவர் தம் மகப்பேற்றினால் அவ்வுரிமையை ஈட்டிக்கொள்வது முறையா? பிள்ளைப்பேற்றுக்காகவே விமானமேறி வருவோரும் இல்லையா?

இவ்வாதங்களை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆனால் மறுபக்கத்து வாதமும் வலியது. ஒருவனைக் கைது செய்யவும், தண்டிக்கவும், அவனிடம் வரி தண்டவும் அதிகாரம் படைத்த அரசு, அவன் தன் ஆளுகைக்கு உட்பட்டவன் அல்லன் என்று எப்படிச் சொல்லும்? தூதர்களுக்கு விலக்கு இருப்பதே, அவர்களை நீதிமன்றத்துக்கு இழுக்க இயலாது என்பதனாலன்றோ? பெற்றோருக்கு வழி திறக்கும் தந்திரமே இப்பிறப்புரிமை என்ற குற்றச்சாட்டும் அத்துணைப் பொருத்தமானதன்று. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை தன் பெற்றோருக்காக விண்ணப்பிக்க இருபத்தொரு வயது நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும்.

ஆணை வெளியான சில நாட்களுக்குள்ளேயே சியாட்டில் நகரத்து நீதிபதி ஒருவர் அதற்குத் தடை விதித்தார். வேறு நீதிமன்றங்களும் தடுத்தன. 2025 ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம், கீழ் நீதிமன்றங்கள் நாடு முழுமைக்கும் தடை விதிக்கும் அதிகாரத்தைக் குறுக்கியது. ஆணை செல்லுமா, செல்லாதா என்பதை அப்போது தொடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அம்மூல வினாவையே விசாரிக்க இசைந்தது. சட்டத்தின் எழுத்தை நீதிபதிகள் ஆராயட்டும். நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி வேறொன்று உளது.

'முறைப்படி வரிசையில் நின்று வாருங்கள்' என்பது இவ்வாதத்தில் அடிக்கடி கேட்கும் வாசகம். நியாயமான வாசகம்தான். ஆனால் அந்த வரிசை எத்தகையது?

1965ஆம் ஆண்டுச் சட்டம், பிறந்த நாட்டைக் கொண்டு ஆட்களைத் தரம் பிரித்த பழைய முறையை ஒழித்தது. அது நம்மவருக்குக் கதவைத் திறந்த நற்சட்டம். அதன் பின் 1990இல் வகுத்த கணக்குப்படி, வேலையின் அடிப்படையில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை, அதாவது நாம் கிரீன் கார்டு என்று வழங்கும் உரிமை, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 பேருக்குத்தான். பணியாளரின் மனைவி மக்களும் இவ்வெண்ணிக்கைக்குள்ளேயே அடங்குவர். எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் 7 சதவிகிதத்துக்கு மேல் சாதாரணமாகக் கிடைக்காது. நூற்று நாற்பது கோடிக்கு மேல் மக்கள் வாழும் இந்தியாவுக்கும் அதே 7 சதவிகிதம். சில இலட்சம் பேர் வாழும் ஐஸ்லாந்துக்கும் அதே 7 சதவிகிதம். பிறர் பயன்படுத்தாது விட்ட இடங்கள் சில வேளைகளில் வந்து சேரும், அவ்வளவே.

இதன் விளைவு யாது? 2025ஆம் ஆண்டு அந்நாட்டரசு வெளியிட்ட மாத அறிவிப்புகளைப் பார்த்தால், உயர்கல்வி பெற்றும் தொழிற்பயிற்சி பெற்றும் இந்தியாவிலிருந்து சென்றோரின் முக்கியப் பிரிவுகளில், 2012, 2013ஆம் ஆண்டுகளில் வரிசையில் சேர்ந்தவர்களுக்கே முறை வந்திருந்தது. உடன்பிறந்தார் அழைத்துக்கொள்ளும் பிரிவில் இந்தியருக்கு 2006ஆம் ஆண்டு விண்ணப்பங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அன்று விண்ணப்பித்தவருக்கே இந்நிலை என்றால், இன்று கடைசியில் போய் நிற்பவரின் நிலையை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

அவர்கள் ஏறிச் செல்லும் முதற்படியான எச்-1பி விசாவோ ஆண்டுக்கு 65,000; அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உயர்பட்டம் பெற்றோருக்கு மேலும் 20,000. கேட்பவர் மிகுதியாதலின் குலுக்கல் முறையே பல ஆண்டுகளாக வழக்கம். 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கப்படுவோருக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் என்றோர் அறிவிப்பும் சேர்ந்தது. விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால், வேறு வேலை தேட அறுபது நாள் அவகாசம். இந்தியாவில் பிறந்து பெற்றோருடன் சென்ற பிள்ளை, வரிசை நகர்வதற்குள் இருபத்தொரு வயதை எட்டிவிட்டால், பெற்றோரின் நிழலில் நிற்கும் உரிமையை இழப்பதும் உண்டு. மூன்று வயதில் சென்று, அங்கேயே படித்து, அந்நாட்டு உச்சரிப்பையே தன் உச்சரிப்பாகக் கொண்ட அப்பிள்ளை, தானாக ஒரு விசா தேடிக்கொள்ள வேண்டும். இன்றேல் வெளியேற வேண்டும்.

முதலாளியின் அழைப்போ, நெருங்கிய உறவோ, அடைக்கல உரிமையோ இல்லாதவருள் பெரும்பாலோருக்கு இந்த வரிசையும் இல்லை. குலுக்கலில் குடியேற்ற உரிமை வழங்கும் திட்டம் ஒன்று சட்டத்தில் உண்டு. மிகுதியான பேர் ஏற்கெனவே வந்துவிட்டனர் என்ற காரணத்தால் இந்தியருக்கு அதில் இடமில்லை.

இப்பொழுது இரண்டையும் இணைத்துப் பாருங்கள். பதினைந்து ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்தும் ஒருவர் 'தற்காலிகமாக' வந்தவராகவே எண்ணப்படுகிறார். அவர் தற்காலிகமானவர் என்பதற்கு அவருடைய எண்ணம் காரணமன்று. வரிசையின் நீளமே காரணம். அந்நிலையில் அவருக்குப் பிறந்த குழந்தையை நோக்கி, 'உன் பெற்றோர் தற்காலிகமானவர். ஆகவே நீயும் தற்காலிகமானவனே' என்று சொல்வதானால், தந்தையின் காத்திருப்பு மகனுக்குப் பிதிரார்ஜிதமாக வந்து சேர்கிறது. நிலமும் வீடும் பரம்பரையாக வரலாம். காத்திருத்தல் பரம்பரையாக வரலாமா? இந்த விவாதத்தின் உயிர்நிலை இதுவே என்பது என் கருத்து.

கற்பனையாகச் சொல்லவில்லை; வரலாற்றில் இதற்குச் சான்று உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து கலிபோர்னியாவுக்குச் சென்ற உழவர்கள் அங்கே நிலம் பண்படுத்திப் பயிரிட்டனர். 1923இல் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர் ஆதலின் குடிமக்களாகத் தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. குடிமக்களாகத் தகுதியற்றவர் நிலம் வாங்கலாகாது என்று 1913 முதலே கலிபோர்னியாவில் சட்டம் இருந்தது. அந்நிலையில் அவர்களுட் பலர் அங்கே பிறந்த தம் குழந்தைகளின் பெயரால் நிலத்தைப் பதிந்து வைத்துக்கொண்டனர். தந்தைக்கு மறுக்கப்பட்ட நாடு தொட்டிலில் கிடந்த மகனுக்குச் சொந்தமாயிருந்தது. 1946இல் சட்டம் மாறி இந்தியரும் குடிமக்களாகலாம் என்ற நிலை வந்தது. 1949இல் குடியுரிமை பெற்ற தலீப் சிங் சௌந்த், 1956இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். தந்தையர்க்குச் சட்டம் கதவடைத்திருந்த ஆண்டுகளிலெல்லாம், மண்ணிற் பிறந்த உரிமை ஒன்றே அக்குடும்பங்கள் வேரூன்ற இடமளித்தது.

இதற்கு மாறான வழியில் சென்ற நாட்டையும் நோக்குவோம். ஜெர்மனியின் 1913ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை வமிசவழிப்படுத்தியது. 1961இல் துருக்கியோடு உடன்படிக்கை செய்து தொழிலாளரை அந்நாடு வரவழைத்தது. விருந்தினத் தொழிலாளர் என்பது அவர்களுக்கு இட்ட பெயர். விருந்தினர் திரும்பிச் செல்வர் என்று எண்ணினர்; பலர் செல்லவில்லை. அங்கேயே பிறந்து, ஜெர்மானிய மொழியே பேசி வளர்ந்த அவர்களுடைய மக்களும், மக்களின் மக்களும் அயலாராகவே பதிவேட்டில் இருந்தனர். இது தகாது என்று உணர்ந்து, பெற்றோருள் ஒருவர் குறித்த காலம் அங்கே முறைப்படி வாழ்ந்திருந்தால் குழந்தை பிறப்பாலேயே குடியுரிமை பெறும் என்று 2000ஆம் ஆண்டு முதல் சட்டத்தை மாற்றிக்கொண்டனர்.

அப்படியாயின் பிறப்புரிமையைக் குறுக்கிய நாடுகள் அனைத்தும் தவறிழைத்தனவா? அவ்வாறு சொல்ல மாட்டேன். பிரிட்டன் 1983 முதலும், ஆஸ்திரேலியா 1986 முதலும் இவ்வுரிமையைக் குறுக்கின. பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிலையாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருத்தல் வேண்டும் என்றன. ஆயினும் இரு நாடுகளும் ஒரு பக்கக் கதவைத் திறந்தே வைத்தன. அந்நாட்டில் பிறந்த குழந்தை, பெற்றோரின் நிலை எதுவாயினும், அங்கேயே வளர்ந்து பத்து வயதை நிறைவு செய்தால் குடியுரிமைக்கு உரியதாகிறது. பிறப்பு தராததைக் காலம் தருகிறது. பத்து ஆண்டு ஒரு மண்ணில் வளர்ந்த பிள்ளை அம்மண்ணின் பிள்ளையே என்ற உலகியல் உண்மையை அச்சட்டங்கள் ஒப்புக்கொண்டன. அமெரிக்காவில் வந்த ஆணையில் அத்தகைய கதவு எதனையும் நான் காணவில்லை.

பிறர் நாட்டைப் பற்றிப் பேசும் நாம் நம் நாட்டின் வரலாற்றையும் மறத்தல் கூடாது. 1947 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபையில் இப்பொருள் விவாதத்துக்கு வந்தபோது, சர்தார் படேல் பரந்த நோக்கையே ஆதரித்தார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்தியருக்கு அந்நாட்டு உரிமை கோரும் நாம், இங்கே குறுகிய நோக்கைக் கைக்கொள்ளலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1950 ஜனவரி 26க்குப் பின் இந்திய மண்ணில் பிறந்தோரை, தூதர் மக்கள் முதலிய சிலர் நீங்கலாக, குடிமக்களாகவே ஏற்றது. பின்னர் அண்டை நாடுகளிலிருந்து மக்கள் பெருந்திரளாக வந்ததையும், அஸ்ஸாமில் எழுந்த கிளர்ச்சியையும் கருதி, 1987 ஜூலை 1 முதல் பிறப்போருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்று திருத்தினர். 2004 டிசம்பர் 3 முதல், இருவரும் குடிமக்களாகவோ, ஒருவர் குடிமகனாகி மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் அல்லாதவராகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. எல்லைகள் நீண்ட நாடு தன் எல்லையைப் பற்றிக் கவலை கொள்வது இயல்பே.

ஆயினும் ஒரு தேதி எவ்வாறு மனித வாழ்வை இருகூறாக்கும் என்பதைத் தமிழர் அறிவர். 1983 முதல் இலங்கையிலிருந்து வந்து தமிழகத்து முகாம்களில் தங்கிய குடும்பங்களை எண்ணுங்கள். அங்கே 1986இல் பிறந்த மூத்த மகள் சட்டப்படி இந்தியக் குடிமகள். அதே முகாமில், அதே தாய்க்கு 1988இல் பிறந்த இளைய மகனோ குடிமகன் அல்லன். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒரே கிணற்று நீரைக் குடித்தவர்கள். காலத்தின் கதவு இல்லாத சட்டத்தில், அவ்விளையவனுக்குப் பிறக்கும் பிள்ளையும் தந்தையின் காத்திருப்பைச் சுமக்க நேரிடும்.

நேயர்களே, உள்நாட்டிலேயே புலம்பெயர்ந்து வாழும் நாம் ஒரு பேற்றை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் அரசியல் சட்டம் மாநிலத்துக்கு ஒரு குடியுரிமை வைக்கவில்லை. நாடு முழுமைக்கும் ஒரே குடியுரிமைதான். எங்கும் சென்று தங்கி வாழும் உரிமையைப் பத்தொன்பதாம் பிரிவு தருகிறது. பிறந்த இடம் காரணமாக அரசுப் பணியில் வேறுபாடு காட்டலாகாது என்று பதினாறாம் பிரிவு சொல்கிறது. மொழி புரியாத ஊரில் வாடகை வீடு தேடி அலைந்திருக்கலாம். 'மதராசி' என்ற ஏளனப் பெயரையும் கேட்டிருக்கலாம். இருப்பிடச் சான்றுக்காக அலுவலகப் படிகளைப் பலமுறை ஏறி இறங்கியிருக்கலாம். ஆயினும் தில்லியில் பிறந்த நம் குழந்தை இந்நாட்டுக்கு உரியதா என்று எவரும் வழக்காடுவதில்லை. நாம் மூச்சுக்காற்றைப் போல இயல்பாக நுகரும் இவ்வுறுதி, கடல் கடந்து சென்ற நம் பிள்ளைகளுக்கு நீதிமன்றத்தின் வாசலில் நின்று கேட்கும் பொருளாகிவிட்டது.

எந்த நாடும் தன் வாயிலில் காவல் வைத்துக்கொள்ளலாம். யாரை ஏற்பது, எத்தனை பேரை ஏற்பது என்று முடிவு செய்வதும் அதன் உரிமை. ஆனால் வாயிலைக் கடந்து வரச் செய்து, உழைப்பை ஏற்று, வரியைப் பெற்று, முற்றத்திலேயே பல்லாண்டுகள் நிற்க வைத்தவரிடம், 'நீ இன்னும் உள்ளே வரவில்லை' என்று சொல்வது அறமன்று. பிறப்புரிமையைக் குறுக்க விரும்பும் நாடு, முதலில் தன் வரிசையை ஒரு மனிதனின் ஆயுளுக்குள் முடியும் வரிசையாக்க வேண்டும். அங்கேயே வளரும் குழந்தைக்குக் காலத்தின் கதவையும் திறந்து வைக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யாத வரையில், பிறந்த மண் தரும் உரிமையைப் பறிப்பதற்கு அதனிடம் தக்க நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.